தங்கச்சி காரின் பின் சீட்டு

என் தங்கை வீட்டுக்குக் கார் வந்த நாளிலிருந்து எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை. அவள் புருஷனுக்கு ஒரு கால் போனதால் வந்த கார் அது என்று தெரிந்தும் எரிந்தது. வலது கால் முழங்காலுக்கு மேலேயே இல்லாத மனுஷனைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாயே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா என்று என்னை நானே கேட்டுப் பார்த்தேன். கேட்ட பிறகும் எரிந்தது.

அவர் ரங்கூன் போட்டாதாங் துறைமுகத்தில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தவர். ஒருநாள் அரிசி மூட்டை அடுக்கு சரிந்து அவர் மேல் விழுந்தது. உயிர் தப்பியது, கால் தப்பவில்லை. அதற்கப்புறம் இரண்டு வருஷம் வீட்டில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சுவரைப் பார்த்தபடி என்பதை நான் அழகுக்குச் சொல்லவில்லை. நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போடச் சொல்லி உட்கார்ந்திருப்பார். யாராவது போனால் திரும்ப மாட்டார். "வாங்க மதினி" என்று சுவரிடம் சொல்வார்.

கிடங்கு முதலாளி நல்ல மனுஷன். எடை மேடையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்று காலியாக இருக்கிறது, தினமும் வந்து போக முடிந்தால் அது உனக்குத்தான் என்று சொல்லிவிட்டார். வந்து போவதுதானே பிரச்சினை. எங்கள் ஊர் லைன்கார் பஸ்ஸில் ரெண்டு கால் உள்ளவனே தொங்கிக்கொண்டு போகிறான். டாக்ஸிக்குத் தினமும் கொடுக்க யாரால் முடியும். அந்த நேரத்தில்தான் ஒரு தர்ம ஸ்தாபனம் கை கால் இழந்தவர்களுக்குப் பழைய ஜப்பான் கார் கொடுக்கிறது என்று கேள்விப்பட்டுத் தங்கை மனுப் போட்டாள். கிடைத்தது. வெள்ளை நிறத்தில் சின்னக் கார். முன் கண்ணாடியில் சக்கர நாற்காலிப் படம் போட்ட ஸ்டிக்கர்.

சும்மா கொடுத்துவிடவில்லை. கார் அவர்களுடையது, பயன்படுத்தும் உரிமை மட்டும் இவர்களுடையது. கால் இல்லாதவர் வண்டிக்குள் இருக்க வேண்டும், ஓட்டுவதற்குக் கூட ஒருத்தர். அவர் இல்லாமல் வண்டி வேறெங்கும் போக வேண்டுமானால் முன்கூட்டியே ஆபீஸில் அனுமதி வாங்க வேண்டும். சரக்கு ஏற்றக் கூடாது. மீறினால் காரைத் திருப்பி எடுத்து, வரிசையில் காத்திருக்கிற அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். இதையெல்லாம் தவறாமல் நடத்துகிறார்கள் என்று வேறு வீட்டில் இருக்கிற நெருங்கின சொந்தம் ஒருத்தர் வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டு ஜாமீன் நிற்க வேண்டும். ரங்கூனில் அவளுக்கு இருக்கிற நெருங்கின சொந்தம் நான் ஒருத்திதான். ஆக, அவள் காருக்கு நான் ஜாமீன். நல்லா இருக்கில்லே?

கோயில் வாசலில் காருக்குப் பூஜை போட்டார்கள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், தேங்காய், கண்ணாடியில் சந்தனம். பர்மாக்காரர்கள் புதுக் காருக்குக் கட்டுகிற தபியே இலைக் கொத்தும் ஒரு பக்கம், நம் மல்லிகைச் சரம் ஒரு பக்கம். எங்கள் வீட்டு வழக்கப்படி புது வண்டி எது வந்தாலும், அது சைக்கிளானாலும் சரி, வீட்டின் மூத்த பெண்தான் முதலில் ஏறி உட்கார வேண்டும். அம்மா போன பிறகு அது நான். பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன். எலுமிச்சம்பழத்தை நசுக்க வண்டி எடுக்கவென்று தங்கை ஓட்டுகிற சீட்டில் ஏறினாள், அவர் ஊன்றுகோலை மடக்கிப் பக்கத்தில் ஏறினார். நான் பின் கதவைத் திறக்கப் போனேன்.

"அக்கா, மூணாவது ஆளு ஏறக் கூடாதுன்னு ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க. சயாமா அங்க நிக்கிறாங்க பாரு" என்றாள் தங்கை, மெதுவாக.

அந்த ஸ்தாபனத்துப் பெண் அதிகாரி ஒருவர் காரை ஒப்படைக்க வந்து ஓரமாக நின்றிருந்தார். படித்த பெண்களை இங்கே சயாமா என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவோம். நான் கதவிலிருந்து கையை எடுத்தேன். உடைத்த தேங்காய்த் தட்டை ஏந்திக்கொண்டு, பட்டுப் புடவையோடு லைன்காரில் வீட்டுக்கு வந்தேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்று பஸ்ஸில் வழி பூராவும் முணுமுணுத்தேன்.

என் பாட்டையும் சொல்லிவிடுகிறேன். நானும் என் வீட்டுக்காரரும் பபேடான் பேட்டையில் நாலாவது மாடியில் இருக்கிறோம். போட்டாதாங் படகுத்துறை ஓரமாக எங்களுக்கு ஒரு வடைக் கடை. காலையில் கரண்டு இருக்கிற நேரமாகப் பார்த்து உளுந்து ஆட்டி, இரண்டு வாளியில் மாவெடுத்து, நாலு மாடி இறங்கி, பஸ் ஏறிப் போக வேண்டும். கடை வாசலில் ஒரு அட்டையில் அன்றைய பலகாரங்களைப் பர்மிய எழுத்தில் எழுதித் தொங்கவிடுவேன். எழுதுவதற்கு முன் அட்டையின் தலையில் பிள்ளையார் சுழி. அடியில் இரண்டு கோடு. அப்பா பழக்கினது. சலவைக்குப் போடுகிற துணிக் கணக்குக்குக்கூடச் சுழி போடாமல் விடமாட்டார், மறந்தால் மண்டையில் குட்டு விழும். இந்த ஊரில் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதவே வராது. சுழி போடுகிற கை எங்கள் பக்கத்தில் இரண்டே இரண்டு, ஒன்று என்னுடையது, ஒன்று தங்கையுடையது.

தங்கை வீடு பக்கத்துச் சந்தில், கீழ் வீடு. அவளும் காலை ஏழு மணிக்கு அவரைப் போட்டாதாங்கில் விடக் கிளம்புவாள். நானும் ஏழு மணிக்குத்தான் பஸ் ஸ்டாப்பில் நிற்பேன். போகிற வழி ஒன்று, போகிற இடமும் ஏறக்குறைய ஒன்று. தினமும் அந்த வெள்ளைக் கார் என் முன்னால் போகும். தங்கை ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிப் போட்டிருந்தாள். வெயிலுக்காம். பக்கத்தில் அவள் புருஷன், என் மச்சான், ஜன்னல் வழியாகக் கையெடுத்துக் கும்பிடுவார். பின் சீட்டு காலியாக இருக்கும். முழுசாக, அகலமாக, இரண்டு வாளியும் ஒரு பொம்பளையும் தாராளமாக உட்காரலாம் என்கிற மாதிரிக் காலியாக இருக்கும். மழைக் காலத்தில் அந்தப் பின் சீட்டைப் பார்க்க எனக்கு அழுகையே வரும்.

"உனக்கு ஏன்டி இந்த வயித்தெரிச்சல்?" என்பார் வீட்டுக்காரர், இன்னொரு வாளியைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றபடி. "கார் வேணும்னா சொல்லு, எங் கால்ல ஒண்ணை வெட்டித் தரேன்."

"வெட்டுற கால்ல உங்க மூட்டு வலிக்கிற காலை வெட்டுங்க, அதாவது மிச்சமாகும்" என்றேன். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சும்மா இருக்கவும் நான் இல்லை. உளுந்து மூட்டை எடுக்கப் போகிற அன்று தங்கை வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். அவர் வேலையில் இருந்தார். கார் வாசலில் நின்றது.

"அவரு இல்லாம எடுக்கக் கூடாதுக்கா. அதுவும் மூட்டை..." என்று இழுத்தாள்.

"நான் என்ன அந்நியமா? உன்னைத் தூக்கிச் சுமந்த இடுப்புடி இது, இன்னிக்கு வலிக்குது."

எடுத்தாள். பின் சீட்டில் மூட்டை, முன் சீட்டில் நான். அப்புறம் ஒரு கல்யாண வரவேற்புக்கு. அப்புறம் கோயில் திருவிழாவில் என் பால்குடத்தைக் கொண்டுபோக. குடத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு சொட்டு சிந்தாமல், ராணி மாதிரிப் போய் இறங்கினேன். மூன்று தடவையும் அவள் முகம் சுண்டித்தான் இருந்தது. மூன்று தடவையும் நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. அக்கா ஏறினால் அது துஷ்பிரயோகமா? அக்கா என்றால் வீட்டு ஆள். இப்படித்தான் என் கணக்கு இருந்தது.

ஆனால் அவளை மட்டும் கவனித்துக்கொண்டே இருந்தேன். திங்கட்கிழமைகளில் அவரை இறக்கிவிட்ட பிறகு கார் வீட்டுக்குத் திரும்புவதில்லை. எங்கள் கடையைத் தாண்டி வேறு பக்கம் போகும். எங்கே போகிறாய் என்று ஒருநாள் கேட்டேன்.

"ஷ்வேப்யிதாவுக்குக்கா. ஒரு வேலை."

ஷ்வேப்யிதா எங்கே இருக்கிறது, பபேடான் எங்கே இருக்கிறது. வடக்கே, ஊரைத் தாண்டி, தொழிற்சாலைகளாக இருக்கிற இடம். அங்கே இவளுக்கென்ன வேலை? ஆள் ஏற்றிச் சம்பாதிக்கிறாள் என்று முடிவு கட்டினேன். தொழிற்சாலைப் பெண்களை ஏற்றி இறக்கினால் நல்ல வரும்படி. பெட்ரோல் பங்க்கில் ஊரே மைல் கணக்கில் வரிசை நிற்கும்போது ஸ்டிக்கர் வண்டிக்குத் தனி வரிசை வேறு. ஊனமுற்றவன் பெயரைச் சொல்லி இவள் ஊர் சுற்றுகிறாள், அக்காவுக்கு மட்டும் சட்டம் பேசுகிறாள். கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரு சந்தோஷம்கூட வந்தது. பொறாமைக்கு ஒரு நியாயம் கிடைத்தால் வருகிற சந்தோஷம்.

ஒரு திங்கட்கிழமை கோயில் அன்னதானத்துக்கு வடை கேட்டிருந்தார்கள். மூன்று வாளி மாவு. வீட்டுக்காரருக்கு அன்று மூட்டுப் பிடித்துக்கொண்டது, படுத்துவிட்டார். விடிந்ததும் தங்கைக்குப் போன் போட்டேன்.

"இன்னிக்கு முடியாதுக்கா" என்றாள். "திங்கக்கிழமை."

"எனக்கும் திங்கக்கிழமைதான்டி."

"இல்லக்கா, இன்னிக்கு நிச்சயமா முடியாது." வைத்துவிட்டாள்.

கரண்டு வராமல் மாவாட்டத் தாமதமாகி, மூன்று வாளியோடு தனியாக லைன்காரில் ஏறும்போது மணி பத்து. ஒன்றை மடியில் வைத்தேன், இரண்டைக் காலிடுக்கில் வைத்தேன். ஒரு திருப்பத்தில் டிரைவர் பிரேக் போட்டான். காலிடுக்கில் இருந்த வாளி ஒன்று அப்படியே சாய்ந்து, பக்கத்தில் நின்றிருந்த பெரியவரின் லோஞ்சிக் கைலி மேல் மாவு பூராவும் கொட்டிவிட்டது. நல்ல சலவை லோஞ்சி. அவர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. மாவு வழிய வழியப் புத்தர் சிலை மாதிரி நின்றார். டிரைவர் திட்டினான், பஸ்ஸே திட்டியது. நான் முந்தானையால் அவர் லோஞ்சியைத் துடைத்துக்கொண்டே ஜன்னல் பக்கம் நிமிர்ந்து பார்த்தேன். சிக்னலில், எங்கள் பஸ்ஸுக்குப் பக்கத்தில், வெள்ளைக் கார். முன் சீட்டில் மச்சான் இல்லை. பின் சீட்டில் இரண்டு பர்மாக்காரச் சின்னப் பெண்கள், கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசிக்கொண்டு, ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தங்கையும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

என் பின் சீட்டு. அதில் எவளோ இரண்டு பேர்.

அன்று மத்தியானமே உட்கார்ந்து எழுதினேன். பர்மிய மொழியில் எழுதினேன். கையெழுத்துத் தெரியக் கூடாதென்று இடது கையால் எழுதினேன். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. இன்ன எண்ணுள்ள காரில் ஊனமில்லாதவர்கள் ஏறுகிறார்கள், ஊனமுற்றவர் இல்லாமலே கார் ஷ்வேப்யிதா வரை ஓடுகிறது என்று எழுதினேன். காரம் கொஞ்சம் போதாதென்று தோன்றியது. மூட்டை முடிச்செல்லாம் ஏற்றுகிறார்கள், கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் எடுத்துப் போகிறார்கள் என்றும் சேர்த்தேன். அந்த மூட்டை யாருடையது என்று எழுதும்போது எனக்கு உறைக்கவே இல்லை. சத்தியமாக உறைக்கவில்லை. கடைசியில் 'நியாயத்தை விரும்பும் ஒருவர்' என்று முடித்து, அந்த ஸ்தாபனத்து வாசலில் இருந்த பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

பத்துப் பதினைந்து நாள் கழித்துத் தங்கையிடமிருந்து போன்.

"அக்கா, சயாமா வந்திருக்காங்க. யாரோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்காங்க. ஜாமீன்காரங்களையும் வரச் சொல்றாங்க. கொஞ்சம் வர்றியா?"

போனேன். பயமாக இருந்தது என்பதும் உண்மை, உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு இருந்தது என்பதும் உண்மை. ஞாயிற்றுக்கிழமை, அதனால் மச்சான் வீட்டில் இருந்தார். மேஜை நடுவில் கார் சாவி. ஒரு பக்கம் பூஜையன்று பார்த்த அதே அதிகாரி அம்மாள். கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கி என்னை உட்காரச் சொன்னார். பையிலிருந்து என் கடிதத்தை எடுத்து, எழுத்துப் பகுதியை ஒரு ஃபைலால் மூடி, தலைப்பக்கத்தை மட்டும் எங்கள் பக்கம் திருப்பினார்.

"எங்களுக்கு வந்தது இந்த ஒரு தாள்தான்" என்றார் பர்மிய மொழியில். "ஆனா மேலே ரெண்டுன்னு போட்டு அடியில ரெண்டு கோடும் போட்டிருக்கு. அப்போ இது ரெண்டாம் பக்கம். முதல் பக்கம் எங்கே போச்சுன்னு ஆபீஸ்ல மேஜை மேஜையா தேடிட்டோம். உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

நான் பார்த்தேன். பர்மிய எண் இரண்டு பார்க்க நம் சுழி மாதிரித்தான் இருக்கும், ஆனால் அது இரண்டு இல்லை. தாளின் தலையில் கொஞ்சம் கோணலாக, இடது கையால் போட்ட பிள்ளையார் சுழி. அடியில் இரண்டு கோடு. கையை மாற்றினேன், எழுத்தை மாற்றினேன், மொழியை மாற்றினேன். எப்போது அதைப் போட்டேன் என்று எனக்கு நினைவே இல்லை. ஒருத்தியைக் காட்டிக்கொடுக்கிற காரியம்கூட விளங்க வேண்டும் என்று கை தானாகப் போட்டிருக்கிறது.

நிமிர்ந்தால் தங்கை என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். குழம்பில் உப்புக்குப் பதிலாகச் சோடா மாவைப் போட்டுவிட்டவளைப் பார்க்கிற மாதிரி, என்ன செய்துவிட்டாய் என்று பார்த்தாள். மச்சான்தான் முதலில் வாய் திறந்தார், தமிழில், தணிந்த குரலில்.

"மதினி, தண்ணி குடிக்கிறீங்களா?"

அவருக்கும் தெரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

"அது ஒண்ணுமில்ல சயாமா" என்றாள் தங்கை. "சும்மா கிறுக்கல்." சொல்லிவிட்டு, கொசு அடிக்கிற மாதிரி இரண்டு கன்னத்திலும் மெதுவாகப் போட்டுக்கொண்டாள். பிள்ளையார் சுழியைக் கிறுக்கல் என்று சொன்ன பாவத்துக்கு.

என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் அவளுக்கு அங்கேயே வழக்கு முடிந்திருக்கும். 'இது எங்க அக்கா போட்டது, பொறாமையில போட்டது' என்று ஒரு வாக்கியம் போதும். அவள் சொல்லவில்லை.

அதிகாரி தலையாட்டிவிட்டுத் தங்கையின் வண்டி நோட்டைக் கேட்டார். கார் எங்கெங்கே போனது, யார் யார் ஏறினார்கள் என்று எழுதி வைக்கிற நோட்டு. தங்கை எடுத்துக் கொடுத்தாள். அதன் முதல் பக்கத்திலும் ஒரு சுழி இருந்தது, நல்ல வேளையாக அவர் அந்தப் பக்கத்தைப் பார்க்காமல் நடுவில் திறந்தார். ஒவ்வொரு திங்கட்கிழமையாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"ஷ்வேப்யிதா சரி. அதுக்கு நாங்கதான் அனுமதிக் கடிதம் கொடுத்தோம்" என்றார் என்னைப் பார்த்து, ஜாமீன்காரிக்குச் சொல்கிற தோரணையில். "மெஷின்ல மாட்டி ஒரு பொண்ணுக்குக் கை மணிக்கட்டோட போச்சு, இன்னொண்ணுக்குப் பாதம். ரெண்டு பேரையும் உங்க தங்கச்சிதான் வாரா வாரம் செயற்கைக் கை கால் பயிற்சிக்குக் கூட்டிட்டு வராங்க. அதுங்க போற வர்ற நேரம்தான் சிரிக்குதுங்கன்னு அதுங்க அம்மாங்க சொல்றாங்க."

சிக்னலில் பார்த்த சிரிப்பு. தனாக்காவைத்தான் பார்த்தேன், கையைப் பார்க்கவில்லை.

"ஆனா இந்த மூணு பயணத்துக்கு அனுமதி இல்லை" என்றார் அதிகாரி, நோட்டைத் திருப்பிக் காட்டி. "கால் இல்லாதவரும் வண்டியில இல்லை. ஒண்ணுல உளுந்து மூட்டை, ஒண்ணு கல்யாணம், ஒண்ணு கோயில். ஏறின ஆளு பேருக்குப் பதிலா மூணுலயும் 'அமா'ன்னு மட்டும் போட்டிருக்கு. யார் இந்த அக்கா?" பர்மிய மொழியில் அமா என்றால் அக்கா, ஆனால் வயதில் மூத்த எந்தப் பெண்ணையும் அப்படிக் கூப்பிடுவார்கள்.

அடிப்பாவி, ஏன்டி எழுதி வைத்தாய் என்று மனசுக்குள் கத்தினேன். எழுதாமல் விட்டிருந்தால் யாருக்குத் தெரியும்? அவள் என் தங்கை, எழுதித்தான் வைப்பாள். அப்பா குட்டின குட்டு அவள் மண்டையிலும்தானே விழுந்தது.

அதிகாரி நோட்டை மூடினார். "புகார்ல உள்ளது அப்போ பொய் இல்லை. மூட்டை, கல்யாணம், கோயில் எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்காங்க. விதிப்படி நான் சாவியை எடுத்துக்கிட்டுப் போகணும்."

மச்சானின் கை மேஜை மேல் சாவிக்குப் பக்கத்தில் இருந்தது. அதைத் தொடவில்லை அவர். பக்கத்தில் மட்டும் வைத்திருந்தார். மறுநாள் திங்கட்கிழமை, எடை மேடையில் லாரிகள் வந்து நிற்கும். நான் அவரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே பழைய சுவர்.

"நான்தான் சயாமா" என்றேன். "அந்த அக்கா நான்தான். அவ வேணாம்னு சொன்னா. நான்தான் அழிச்சாட்டியம் பண்ணி ஏறினேன். தங்கச்சிக்கு வேற வழியில்லாமப் போச்சு."

"எழுதிக் கொடுங்க" என்றார் அவர். பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து என் முன்னால் வைத்தார். "நடந்ததை நடந்தபடி. உங்க கையால."

பேனாவை எடுத்தேன். வலது கையில்தான் எடுத்தேன், இனி மறைக்க என்ன இருக்கிறது என்ற நினைப்பில். என்ன எழுதுவது, எங்கே ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். யோசிக்கிறபோது கை சும்மா இருக்குமா? தாளின் தலையில் போய் ஒரு சுழி போட்டது. அடியில் ஒரு கோடு போட்டது. இன்னொரு கோடு போட்டது.

தங்கை, "அய்யோ அக்கா" என்றாள்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கையால் கெட்டேன். அதிகாரி மெதுவாக என் பழைய கடிதத்தை எடுத்துப் புதுத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். இதைப் பார்த்தார், அதைப் பார்த்தார். மூக்கு நுனியிலிருந்த கண்ணாடியைக் கழற்றினார்.

"புகார் கொடுத்தது நீங்க."

"ஆமா சயாமா."

"புகார்ல இருக்கிற ஆளும் நீங்க."

"ஆமா சயாமா."

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார், கோபமா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. "இந்த வேலையில பொய்ப் புகாரும் பார்த்திருக்கேன், உண்மைப் புகாரும் பார்த்திருக்கேன்" என்றார் கடைசியில். "தன் மேலயே மொட்டைக் கடுதாசி போட்டவங்களை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்."

இனி அந்தக் காரில் ஏறவே மாட்டேன் என்று என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டார். தங்கைக்கு எச்சரிக்கை எழுதினார். சாவியை மச்சான் பக்கம் நகர்த்தினார். வாசலில் செருப்பு மாட்டும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, "ஜாமீன் கையெழுத்தை நீங்களே தொடர்ந்து போடுங்க" என்றார். "இந்த வண்டியை உங்களை மாதிரிக் கண்காணிக்க எங்களுக்கு ஆள் கிடைக்காது."

அவர் போன பிறகு நான் அங்கே நிற்கவில்லை. நிற்க முகம் இல்லை. தங்கையும் நில் என்று சொல்லவில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். கேட்டுவிட்டுக் கூரையைப் பார்த்தார். "இடது கையால வேற எழுதினியா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

அதற்கப்புறம் தங்கை என்னோடு பேசவில்லை. மாசக்கணக்கில் பேசவில்லை. காலை ஏழு மணிக்கு வெள்ளைக் கார் போகும். கறுப்புக் கண்ணாடி நேரே ரோட்டைப் பார்த்திருக்கும். மச்சான் மட்டும் வழக்கம்போல் கையெடுத்துக் கும்பிடுவார், அது எனக்கு அடியை விட வலிக்கும். மத்தியானம் சில நாள் ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு எங்கள் கடைக்கு வந்து இரண்டு வடை சாப்பிட்டுவிட்டுப் போவார். கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. உளுந்து விலை பேசுவார், லாரிகளைப் பற்றிப் பேசுவார்.

இவ்வளவு ஆன பிறகு திருந்திவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள், ஆனால் அது பொய். கார் போகும்போது என் கண் முதலில் போகிற இடம் இன்னமும் அந்தப் பின் சீட்டுதான். மழை பெய்தால் இன்னும் கொஞ்சம் அதிகமாகப் போகும்.

வருஷம் முடிந்தது. ஜாமீன் தாளில் கையெழுத்துப் போட வேண்டிய நாள் வந்தது. தங்கை கேட்க மாட்டாள், வேறு யாரையாவது பார்த்துக்கொள்வாள் என்று நினைத்தேன். வேறு யார் இருக்கிறார்கள்? ஒருநாள் காலை அவரை இறக்கிவிட்டுக் கடை முன்னால் காரை நிறுத்தினாள். இறங்கி வந்தாள். மாவுக் கை வைக்காத ஒரு ஓரமாகப் பார்த்துப் பலகையில் தாளை விரித்தாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் தலையில் ஏற்றிக்கொண்டாள். அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தது, அவ்வளவு பக்கத்தில் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்கா" என்றாள். "அந்தக் கடுதாசி எழுதறப்போ, கார் போயிட்டா அவரு மறுபடியும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்குவாரேன்னு நினைச்சியா?"

"இல்லடி" என்றேன். "அவரை நினைக்கவே இல்ல. அந்தப் பின் சீட்டைத்தான் நினைச்சேன்."

"நினைச்சிருந்தா எழுதியிருக்க மாட்டே. இல்ல?"

எண்ணெய்ச் சட்டியில் வடை சிவந்துகொண்டிருந்தது. மாட்டேன் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லியிருக்கலாம், அவள் நம்பியிருப்பாள், நம்பத்தான் வந்திருந்தாள். ஆனால் நினைத்திருந்தாலும் எழுதியிருப்பேனோ என்று அன்றைக்கு எனக்கு என்னைப் பார்த்தே பயமாக இருந்தது.

"தெரியலடி" என்றேன்.

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். வைவாள் என்று நினைத்தேன். என் காதில் சொருகியிருந்த பேனாவை உருவினாள். குனிந்து, தாளின் தலையில் அவளே ஒரு பிள்ளையார் சுழி போட்டாள். அடியில் இரண்டு கோடு. பேனாவையும் தாளையும் என் பக்கம் தள்ளினாள்.

"சுழி நான் போட்டுட்டேன்" என்றாள். "கையெழுத்து மட்டும் நீ போடு."

கையைத் துடைத்துக்கொண்டு போட்டேன்.